பரிசோதித்தவர்: 14

பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை "ரிஜெக்ட்."

என்னையல்ல, நான் கொண்டுபோன முறுக்கை. மலேசியாவின் சிம்பாங் ரெங்கத்தில், தாமான் என்று சொல்கிற அந்தக் குடியிருப்புக்கு நாங்கள் குடிவந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. புது இடத்தில் நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்று அம்மா ஒரு தட்டு நிறைய முறுக்கு அடுக்கி என்னிடம் கொடுத்தனுப்பினார். கேட்டைத் திறந்த அக்கா நன்றி சொல்லவில்லை. ஒரு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். உடைத்தார். உடைந்த இடத்தை உற்றுப் பார்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"நடுவுல வேகல. ரிஜெக்ட். எண்ணெ இன்னும் கொஞ்சம் காயணும்னு அம்மாகிட்டச் சொல்லு. கோவிச்சுக்க வேணாம்னும் சொல்லு."

அம்மா கோவித்துக்கொண்டார். நாற்பது வருடமாக முறுக்கு சுடுகிறவரிடம் போய் இப்படிச் சொன்னால் கோவிக்காமல் என்ன செய்வார்? இரண்டு நாள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ரோஷத்தோடு எண்ணெயை நன்றாகக் காயவைத்துச் சுட்டு, தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அக்கா அதே மாதிரி உடைத்து, பார்த்து, மென்று, "இது பாஸ்" என்றார். தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று வாழைப்பழக் கேக் வைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அக்கா பாஸ் சொல்லாமல் எங்கள் வீட்டுப் பலகாரம் எதுவும் வெளியே போனதில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அவருக்கு ஓர் எண் இருந்தது, பதினாலு. அதைச் சொன்னால் தப்பாக நினைக்க மாட்டார்.

யோங் பெங் போகும் சாலையில் ஒரு கையுறைத் தொழிற்சாலை. மருத்துவமனைகளில் போடுகிற மெல்லிய ரப்பர் கையுறை. பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குப் போன அக்காவுக்குத் தரம் பார்க்கிற பிரிவில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சில கையுறைகளை எடுத்து, தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, காத்திருந்து பார்க்க வேண்டும். ஊசி குத்திய அளவுக்கு ஓட்டை இருந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிடும். சொட்டு வந்தால் சிவப்பு ஸ்டிக்கர். வராவிட்டால் பெட்டிக்குள் ஒரு சின்னச் சீட்டு போகும். அதில் பரிசோதித்தவரின் எண் அச்சாகியிருக்கும். பெயர் இருக்காது.

"எங்கயோ ஒரு ஊர்ல ஒரு டாக்டரு அந்தப் பொட்டியத் தொறப்பாரு. அவருக்கு நான் யாருன்னு தெரியாது. கறுப்பா செவப்பான்னு தெரியாது. பதினாலு சொல்லிருச்சு, கைய உள்ள விடலாம். அவ்ளோதான் அவருக்கு வேணும்" என்பார் அக்கா.

அந்த எண்ணுக்காக ஒருமுறை மூன்று மாதம் தண்டனை அனுபவித்திருக்கிறார். அவசர ஆர்டர் ஒன்று. ஒரு தொகுதியில் ஓட்டைகள் அதிகம். மேற்பார்வையாளர் சீட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். அக்கா மாட்டேன் என்றார். வேறு யாரோ போட்டார்கள். அக்காவைப் பெட்டி மடிக்கிற இடத்துக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். இதை அவர் புலம்பலாகச் சொல்ல மாட்டார். "மூணு மாசம் பொட்டி மடிச்சேன். நல்லாத்தான் மடிச்சேன். ஒரு பொட்டி கோணல் கெடையாது" என்று பெருமையாகத்தான் சொல்வார்.

தொழிற்சாலையில் அப்படி இருந்தவர் வீட்டுக்கு வந்ததும் மாறிவிடுவாரா என்ன? கைப்பையில் எந்நேரமும் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் கிடக்கும். எங்கள் கேட்டின் கீல் தளர்ந்தபோது அதில் ஒரு சிவப்புப் பொட்டு. தாமானின் விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் சங்கிலி தேய்ந்திருந்தது, அதற்கும் ஒன்று. தேவாலயத்தில் பூசை முடிந்து வாசலில் கைகுலுக்கும் பாதரிடமே, "மொதோ பத்து நிமிசம் பாஸ் பாதர். மீதிய ரீவொர்க் பண்ணுங்க" என்பார். பாதர் நல்லவர். அடுத்த வாரம் பிரசங்கம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. சபையே அக்காவை நன்றியோடு பார்த்ததாக என் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் முருகன் கோவில்காரர்கள். இருந்தாலும் கிறிஸ்துமஸ் பூசைக்கு அக்காவோடு போய்விடுவோம்.

எனக்கு வரன் பார்த்தபோதும் அக்காவை உட்கார வைத்திருந்தோம். பாலோ என்ற ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை. நல்ல வேலை, நல்ல நிறம். எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள். அவர்கள் போனதும் அம்மா அக்காவைப் பார்த்தார்.

"தண்ணி ஊத்திப் பாத்தியாக்கா?" இது அவருடைய வழக்கமான கேள்வி. அம்மாவையும் அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "கேட்ட கேள்விக்கெல்லாம் அவங்கம்மாவே பதில் சொன்னாங்க. மாப்ள வாயத் தொறக்கல. தொறக்காத பாக்கெட்ட நான் பாஸ் பண்ண மாட்டேன்."

அந்த வரன் போயிற்று. இரண்டு வருடம் கழித்து நானாகவே ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அக்கா அவரோடு அரைமணி நேரம் பேசிவிட்டு என் காதில் சொன்னார்: "செகண்ட் கிரேடு. ஆனா ஓட்ட இல்ல. கட்டிக்க." கட்டிக்கொண்டேன். இன்றுவரை ஒழுகவில்லை.

இவ்வளவும் கேட்டு, பிறத்தியாரைக் குறை சொல்லியே காலம் தள்ளிய பெண் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. அந்தத் தராசில் தன்னையும் வைத்தவர் அவர். தேவாலயத்தின் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்பார். வாய் அழகாகத் திறந்து மூடும். சத்தம் மட்டும் வராது. நான் மேடையில் பாடுகிறவள் என்பதால் இதைக் கவனித்துவிட்டேன். கேட்டதற்கு மறைக்கவில்லை.

"என் கொரலு ரிஜெக்ட், தங்கச்சி. சின்னப் புள்ளையிலயே தெரிஞ்சு போச்சு. ஆளு கொறைச்சலா இருக்குன்னு பாதர் நிக்கச் சொன்னாரு, நிக்கிறேன். கெட்ட சரக்க எதுக்கு வெளிய விடணும்?"

சிரிப்பிலும் அப்படித்தான். எதற்காவது சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும். கை தானாகப் போய் வாயை மூடிக்கொள்ளும். தொழிற்சாலையில் நாள் முழுக்க முகமூடி. பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, எச்சில் தெறிக்கக்கூடாது. அந்தப் பழக்கம் வீடுவரை வந்துவிட்டது.

இனி எங்கள் இசைக்குழுவுக்கு வருகிறேன். அதன் பெயர் பால்வாளி, தோட்டத்தில் ரப்பர் பால் சேர்க்கிற வாளி. உறுமி அடிக்கிற குமரன்தான் தலைவன். தப்பு மேளத்துக்கு அவனுடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேர். கீபோர்டும் ஒலிப்பதிவும் விக்கி; அவன் வாரத்தில் ஆறு நாள் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்வான், ஞாயிறு மட்டும் கிடைப்பான். பாடுவது நான். கோவில் திருவிழா, கல்யாணம், பிறந்தநாள் என்று ஜொகூர் மாநிலம் முழுக்கப் போகாத மண்டபம் இல்லை. ஊரில் நல்ல பெயர் இருந்தது. ஆனால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒழுங்காகச் செய்த தொகுப்பு ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அதைச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தோம். ஒன்பது பாட்டு. ரப்பர் மரங்கள் வரிசை கட்டி நிற்பதை நிரை என்பார்கள். அதையே தொகுப்புக்கும் பெயராக வைத்தோம்.

ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். டயர் கடைக்கு மேலே ஓர் அறை. சுவரெல்லாம் முட்டைத் தட்டு. கீழே டயர் கழற்றும் சத்தம் நின்றால் பதிவு, தொடங்கினால் தேநீர்.

ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அக்காவின் கைப்பேசிக்குப் போய்விடும். பதில் ஒரே வார்த்தையில் வரும். பெரும்பாலும் ரிஜெக்ட். பிறகு வேலிக்கு மேலாக விளக்கம் கிடைக்கும். ஒரு பாட்டில் தப்பு மேளம் இரண்டும் ஓர் இழை முன்பின்னாக விழுவதைக் கண்டுபிடித்தார். இன்னொன்றில் நான் ஒரு சொல்லை விழுங்கிவிட்டேன் என்றார். சங்கீதம் ஒரு வரி படிக்காதவர். ஆனால் சொட்டு எங்கே வருகிறது என்று பார்க்கத் தெரிந்தவர். ஒரு வருடத்தில் எட்டுப் பாட்டு பாஸ் ஆயிற்று.

இந்த இடத்தில்தான் நாங்கள் அந்த முட்டாள்தனத்தைச் செய்தோம். குமரனுக்குத் தோன்றியது, நான் கைதட்டினேன். பாட்டுகளை பென்டிரைவில் போட்டு ஓர் அட்டையில் ஒட்டி விற்பதாகத் திட்டம். அந்த அட்டையின் பின்பக்கம், நன்றி சொல்கிற இடத்துக்குக் கீழே, கையுறைப் பெட்டிச் சீட்டு மாதிரியே ஒரு சின்னக் கட்டம் போட்டு "பரிசோதித்தவர்: 14" என்று அச்சடித்துவிட்டோம். ஐந்நூறு அட்டை. அக்கா அசந்துபோவார் என்று எங்களுக்கு ஒரே குஷி. நாலாவது பாட்டு கடைசியாக முடிந்தது, அதை அவர் இன்னும் கேட்கவில்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவேயில்லை.

அட்டையை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா வேலை முடிந்து வந்து சீருடையைக்கூட மாற்றவில்லை. அந்தக் கட்டத்தைப் பார்த்தார். திருப்பிப் பாட்டுகளின் பட்டியலைப் பார்த்தார். மறுபடி கட்டத்துக்கு வந்தார்.

"நாலாவது பாட்ட நான் கேக்கலயே."

"ஒரு பாட்டுதானேக்கா. எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு."

அக்கா அட்டையை மெல்ல மேசையில் வைத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தங்கச்சி, என்கிட்ட வீடு இல்ல, நகை இல்ல. இந்த நம்பர் ஒண்ணுதான் இருபத்தாறு வருசமா நான் சேத்து வெச்சது. சூப்பர்வைசர் கேட்டப்பவே குடுக்கல. நீங்க கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க லா."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அக்கா கையை நீட்டினார். "அந்தப் பாட்டக் குடு."

அவர் பாட்டுக் கேட்கும் விதமே தனி. மேசையில் வெள்ளைத் துணி விரிப்பார். கை கழுவுவார். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டுதான் கேட்பார், உட்கார மாட்டார். அன்றும் அப்படியே நின்றார்.

அந்த நாலாவது பாட்டு நான் எழுதியது. பெரட்டுப் பாட்டு. ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டு. அக்கா மாதிரி நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் இல்லை. தாமானில் பிறந்து பல் மருத்துவர் கிளினிக்கில் கவுண்டர் வேலை பார்க்கிறவள். கேள்விப்பட்டதை வைத்து உருகி உருகி எழுதியிருந்தேன். கொட்டும் மழையில் பெரட்டு நடக்கும், நனைந்துகொண்டே பெண்கள் பால் வெட்டப் போவார்கள், சேவல் கூவும், விக்கியின் கீபோர்டு வயலினாக மாறி விம்மும். கேட்ட ஆறேழு பேர் அழுதிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாட்டின் மேல் கொள்ளை ஆசை.

அக்கா காதிலிருந்து இயர்போனைக் கழற்றினார். கைப்பையைத் திறந்தார். அட்டையில் நாலாவது பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினார்.

"அலமாக், மழைல எப்படி லா பால் வெட்டுவாங்க? மரம் நனைஞ்சா பாலு பட்டையெல்லாம் ஓடிரும். மழைன்னா அன்னிக்கு வேல இல்ல. பெரட்டே கெடையாது."

"அது ஒரு கற்பனைக்கா..."

"கற்பன வேற, ஓட்ட வேற."

"நான் அழுதுக்கிட்டே எழுதினேன்."

"நீ அழுதது பாஸ்" என்றார் அக்கா. "பாட்டு ரிஜெக்ட்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். குமரன் என்னைவிடக் கொதித்தான். வெளியீட்டு விழாவுக்குப் பத்தே நாள். குளுவாங்கில் மண்டபம் எடுத்தாயிற்று. வானொலியில் பேட்டிக்கு நேரம் கொடுத்துவிட்டார்கள். "மழைல வெட்டுவாங்களா மாட்டாங்களான்னு எவனுக்கு லா தெரியப் போவுது? நம்பர அடிச்சுட்டா முடிஞ்சுது கதை" என்றான். கறுப்பு மார்க்கரால் அந்தக் கட்டத்தை மட்டும் அடித்துவிடுவது என்று முடிவாயிற்று. சண்டையும் இல்லை, தாமதமும் இல்லை.

மறுநாள் மாலை எங்கள் வீட்டு முன்னால் அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். தப்பு அடிக்கிற தம்பிகள் இரண்டு பேரும் கோணல்மாணலாகக் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா. கையில் சொந்தமாக ஒரு மார்க்கர், ஓர் அளவுகோல்.

"இப்படியா அடிப்பாங்க? குடு, நானும் அடிக்கிறேன்."

உட்கார்ந்துவிட்டார். அளவுகோலை வைத்து, நேராக ஒரு கோடு. காயும்வரை ஊதி, தனியாக அடுக்கினார். அடுத்த அட்டை. பதினாலின் மேல் கோடு. அடுத்தது. முகத்தில் கோபம் இல்லை, வருத்தம் காட்டவும் இல்லை. வேலையைச் சுத்தமாகச் செய்கிற முகம்தான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இருபத்தாறு வருடமாகச் சேர்த்து வைத்ததை ஒரு மனுஷி தன் கையாலேயே, அளவுகோல் வைத்து அழிக்கிறாள். அதற்குக் காரணம் நான் ஆசைப்பட்டு எழுதிய ஒரு பொய்.

நாற்பது அட்டை ஆனதும் நான் மார்க்கரைப் பிடுங்கினேன். "போதும், நிறுத்துங்கக்கா. மழை பெஞ்சா அப்ப என்னதான் நடக்கும்? சொல்லுங்க."

"சொன்னேனே, வேல இல்ல."

"வேல இல்லன்னா என்ன செய்வீங்க? அழுவீங்களா?"

"எதுக்கு அழுவணும்? அப்பா சம்பளம் போச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு, அது உண்மைதான். ஆனா எங்களுக்கு ஒரே கூத்து!" அக்காவின் தோள் குலுங்கத் தொடங்கியது. "எங்களுக்கு வேல வாங்குற மண்டோர் ஒருத்தர் இருந்தாரு. மழையே பெஞ்சாலும் பெரட்டு வெச்சே தீருவேன்னு ஒருநாளு கொடையோட வந்துட்டாரு. 'வேல உண்டு, வேல உண்டு'ன்னு கத்திக்கிட்டே வந்தவரு கால் வழுக்கி வாய்க்கால்ல உக்காந்துட்டாரு. இடுப்பு வரைக்கும் தண்ணி. ஆனா கொட மட்டும் நேரா தலைக்கு மேல இருக்கு! பேரு புஸ்தகம் நனையக் கூடாதாம். அங்க உக்காந்துக்கிட்டே ஒவ்வொரு பேரா கூப்புடுறாரு. நாங்களும் வெக்கங்கெட்டு 'இருக்கேங்க, இருக்கேங்க'ன்னு சொல்றோம்..."

அதற்கு மேல் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார். குமரன் தரையில் உருண்டு சிரித்தான். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் கொதித்துக்கொண்டிருந்தவன் அவனேதான். எனக்கு ஒன்று புரிந்தது. தோட்டத்தை அழுகையாகவே கேட்டு வளர்ந்தவள் நான். அங்கே இருந்தவர்கள் சிரித்ததை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இரண்டே நாளில் எழுதினேன்.

"கொடை புடிச்ச மண்டோரு வானத்தப் பாத்தாரு
வேல உண்டு வேல உண்டு வெரட்டிக்கிட்டு வந்தாரு
வாய்க்காலு நாற்காலி வசதியாக் குந்திக்கிட்டு
பேருகள ஒண்ணொண்ணாப் பெருமையாப் படிச்சாரு"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா நேராக டயர் கடை மாடிக்கு வந்தார். பூசைக்குக் கட்டிய நீலச் சேலை. தகவல் சரியா என்று பார்க்க மட்டும்தான் வந்திருப்பதாக மூன்று முறை சொன்னார். மூலையில் முட்டைத் தட்டுச் சுவரோடு ஒட்டி, பாடகர் குழுவில் நிற்பது போலவே நின்றார். விக்கி மூன்று மணிக்குக் கிளம்பியாக வேண்டும். சிங்கப்பூர்ப் பாலத்தில் நெரிசல் பிடித்தால் மறுநாள் காலை வேலைக்கு நிற்க முடியாது. நாலு தடவை எடுத்தோம். ஒன்றும் அமையவில்லை. ஐந்தாவது தடவை எல்லாம் கூடி வந்தது. கடைசியில் நான் மண்டோர் குரலில் பேர் கூப்பிட வேண்டும். தம்பிகள் "இருக்கேங்க" என்று பதில் கொடுக்க வேண்டும். எழுதி வைத்திருந்த பேர்கள் முடிந்தன. எனக்கு என்ன தோன்றியதோ, மூலையைப் பார்த்து அதே குரலில் கூப்பிட்டேன்:

"பதினாலு!"

மூலையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கை வாய்க்குப் போவதற்குள் வந்துவிட்ட சிரிப்பு. கணீரென்று, கீழே டயர் கடை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. தப்புக்காரத் தம்பிகள் அதற்கு மேலேயே ஓர் அடி அடித்துப் பாட்டை முடித்தார்கள்.

அக்கா பதறிப்போய் வெளியே ஓடி மாடிப்படியில் நின்றுகொண்டார். "சாரி லா, சாரி லா. கெடுத்துட்டேன். இன்னொருவாட்டி எடுங்க, நான் கீழ போயிடுறேன்." மணி மூன்றாகிவிட்டது. விக்கி கம்பியை உருவிக்கொண்டே, "வேணும்னா அந்தச் சிரிப்ப மட்டும் வெட்டி எடுத்துரலாம், பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெட்டவில்லை. வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. ஆனால் அக்காவிடம் கொடுக்கப் பயமாகவும் இருந்தது. பாட்டுக்குள் தேவையில்லாத சத்தம் என்றால் அவர் விட்டதே கிடையாது. அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் மீதி நானூற்று அறுபது அட்டைக்கும் மார்க்கர்தான்.

திங்கள் மாலை. வெள்ளைத் துணி. கை கழுவினார். டியூப் லைட்டுக்குக் கீழே நின்றார். நான், அம்மா, குமரன் மூவரும் அவர் வீட்டு நாற்காலிகளில் பரீட்சை எழுதிய பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம். பாட்டு முடிகிற இடம் வந்தது அவர் முகத்தில் தெரிந்தது. நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார்.

"இது யாரு?"

கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

"நீங்கதான்க்கா. வேணாம்னா எடுத்துரலாம்."

அக்கா இயர்போனைக் கழற்றி வெள்ளைத் துணியால் துடைத்தார். அட்டையை எடுத்தார். நாலாவது பாட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் மெல்லக் கிளப்பி, கிழியாமல் உரித்தெடுத்தார்.

"பாஸ்."

குமரன் எழுந்து துள்ளினான். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஏன் பாஸ் போட்டீர்கள் என்று கேட்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

விழா நன்றாக நடந்தது. அட்டையைப் பார்த்த அறிவிப்பாளர், "யார் இந்தப் பதினாலு? எழுந்து நின்றால் எல்லோரும் பார்க்கலாமே" என்று மேடையிலிருந்து மூன்று முறை கேட்டார். யாரும் எழவில்லை. அக்கா பின்னால் விருந்தினருக்கு வைத்திருந்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ரிஜெக்ட் என்று பிறகு சொன்னார்.

மூன்றாவது வாரம் 'நிரை' வானொலிப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்துவிட்டது, பிறகு பல வாரம் இறங்கவே இல்லை. உள்ளூர்த் தொகுப்பு ஒன்று அந்த இடத்தில் இத்தனை வாரம் உட்கார்ந்ததில்லை என்று வானொலியில் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஓடியது நாலாவது பாட்டுதான். கடைசியில் வருகிற அந்தச் சிரிப்புக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கல்யாண வீட்டில் நான் "பதினாலு!" என்று கூப்பிட்டால் மண்டபமே சிரித்துப் பதில் சொல்லும். நேயர்கள் வானொலிக்குக் கூப்பிட்டு அது எந்த நடிகை என்று கேட்டார்கள். குமரன் வாயைத் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. கேட்காமல் ஒருமுறை எடுத்துக்கொண்டது போதும்.

தொழிற்சாலைப் பேருந்தில் காலையும் மாலையும் அந்தப் பாட்டு ஓடுமாம். பெண்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பார்ப்பார்களாம். ஒருத்தி மட்டும் சந்தேகப்பட்டு, "உன் நம்பரும் பதினாலுதானே?" என்று கேட்டிருக்கிறாள். "ஊர்ல ஒரு பதினாலுதானா இருக்கு?" என்று அக்கா சொல்லிவிட்டாராம். "பொய் சொல்லல பாத்தியா?" என்று என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

பிறகு தொழிற்சாலையில் அந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வந்தது. அக்கா சந்தோஷமாகவே வெளியே வந்தார். "அது நல்லா பாக்குது லா. நான் ரெண்டு நாளு பக்கத்துலயே நின்னு பாத்துட்டேன். பாஸ்." சிரம்பானில் கட்டிக்கொடுத்திருந்த மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, அங்கேயே போய்விடுவதாக முடிவு செய்தார். சாமான் ஏற்றிய லாரி முன்னால் போய்விட்டது. மருமகன் காரில் காத்திருந்தார். அம்மா கொடுத்த முறுக்கு டப்பாவைத் திறந்து ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் அக்கா பைக்குள் வைத்தார். என் கண் நிரம்பிவிட்டது. இனி யாரிடம் போய் நான் உண்மையைக் கேட்பேன் என்று இருந்தது. அப்போதுதான் அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு ஏன் பாஸ் போட்டீங்க? பாட்டுக்குள்ள வேற சத்தம் இருந்துச்சே. உங்க கொரலு ரிஜெக்ட்னு நீங்கதானே சொல்வீங்க?"

அக்கா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"இருபத்தாறு வருசம் மாஸ்க்குக்குள்ளயே சிரிச்சவ தங்கச்சி நான். என் சிரிப்பு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. என்னோடத வெட்டிட்டு வேற யாரையோ சிரிக்க வெச்சிருக்கீங்கன்னு நெசமாவே நெனச்சுத்தான் அன்னிக்குக் கேட்டேன். நல்லா இருந்துச்சு. மூணு வாட்டி கேட்டேன், ஒரு ஓட்ட இல்ல. அப்புறந்தான் நீ சொன்ன, அது நானுன்னு." கதவைத் திறந்து உட்கார்ந்து, சேலையை உள்ளே இழுத்துவிட்டுக்கொண்டார். "அதுக்காக மாத்த முடியுமா? நல்லா இருந்தா பாஸ் போடணும். யாரோடதுன்னு பாக்கக் கூடாது."